யார் மாட்டிய அட்டை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகன் போன் செய்தபோது, லிஃப்ட்காரர் சமையலறைத் தரையில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் எண்ணெய். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, திங்கக்கிழமைலேருந்து நீங்களும் அம்மாவும் வந்துடுங்க. எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டா நல்லது."

"எங்க வரணும்?"

"எங்க வீட்டுக்குத்தாம்பா. ஆபீஸ் திறந்துட்டாங்க. ஸ்கூல் இன்னும் திறக்கல. மிளகுக்குட்டியைப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

ஆள் வேணும். லிஃப்ட்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தார். பதினாலு மாதம் வாசல்படி மிதிக்கவிடாத வீட்டுக்கு இப்போது ஆள் வேண்டுமாம்.

"ஆள் வேணும்னா பேப்பர்ல விளம்பரம் குடுறா" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையாலேயே போனை அணைத்தார்.

அவர் காரணமில்லாமல் கோபப்படுகிறவர் இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் அவர் மனைவியே சிரிப்பாள். மின்விசிறி கிரீச்சிட்டால் மின்விசிறியைத் திட்டுவார், பஸ் நிற்காமல் போனால் பஸ் போன திசையைப் பார்த்துப் பத்து நிமிடம் திட்டுவார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். ஆனால் இந்தக் கோபம் அந்தச் சில்லறைக் கோபங்களில் சேராது. இதற்கு நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற கோபம் அவருக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும் என்பதால், அதை அவர் விடுவதாக இல்லை.

முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற வருடம் பேத்தி பிறந்தாள். மருமகள் மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிற மருந்தாளுநர், மகனுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ். விடுப்பு முடிந்து மருமகள் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, தாத்தாவும் பாட்டியும் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வருடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது, பள்ளி வேனுக்குக் காத்து நிற்பது எல்லாம் அவர்கள்தான். உருவம் சிறிசு, காரம் பெரிசு என்று அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தவரே அவர்தான். அவளுடைய உண்மைப் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

அப்புறம் நோய் வந்தது. ஊரடங்கு வந்தது. மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 'அப்பா, கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம். உங்க நல்லதுக்குத்தான்.'

காரணம் பொய்யில்லை. மருமகள் நாள் முழுக்க இருமுகிறவர்களுக்கு நடுவே நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். லிஃப்ட்காரரின் மனைவிக்கு மூச்சிரைப்பு, பனிக்காலம் வந்தாலே நெஞ்சில் விசில் அடிக்கும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். எதிரே வந்து நின்று சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருப்பார். ஐந்து வருட உழைப்பை இரண்டு வரி செய்தியில் முடித்ததைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஐந்தாம் மாதம் மிளகின் ஆறாவது பிறந்தநாள் வந்தது. ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். லிஃப்ட்காரர் மூன்று வாரம் உட்கார்ந்து மரப்பலகையில் ஒரு பொம்மை லிஃப்ட் செய்தார். கப்பி, கயிறு, எதிர் எடை எல்லாம் அசல். கதவு இரண்டு பக்கமும் விலகித் திறக்கும், மாடி வந்தால் மணி அடிக்கும். நீல வண்ணம் அடித்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மகனின் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனார். கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து மகன் கத்தினான்.

"லிஃப்ட்ல ஏறாதீங்கப்பா! பட்டனெல்லாம் எல்லாரும் தொட்டது!"

முப்பத்து நாலு வருடம் லிஃப்டின் வயிற்றுக்குள் கிடந்த மனிதரைப் பார்த்து, லிஃப்டில் ஏறாதே என்கிறான் பெற்ற பிள்ளை. பரிசைக் கேட்டிலேயே வைக்கச் சொன்னான். காவலாளி வந்து அதன்மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சினான். இன்னும் சரியாகக் காயாத நீல வண்ணம் வழிந்து அவன் கையுறையில் ஒட்டியது. மேலே மிளகு கம்பிக்கிடையில் கைவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மனைவி பதிலுக்குக் கையாட்டினாள். லிஃப்ட்காரர் ஆட்டவில்லை.

அன்று சாயங்காலம் வீடியோவில் மிளகு வந்தாள். "ஏன் தாத்தா மேல வரல? கேக் வெச்சிருந்தேனே" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் தலைக்குப் பின்னால் மகன் நின்றிருந்தான். லிஃப்ட்காரர் இதற்காகவே காத்திருந்தார்.

"உங்கப்பனைக் கேளு. நீ கிட்ட வந்து மூச்சு விட்டா தாத்தா செத்துப்போயிடுவேனாம்."

மகன் முகம் கறுத்ததை அந்தச் சின்னத் திரையிலும் அவர் பார்த்தார். சரியான அடி. ஒரு வாரத்துக்கு அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார். இஸ்திரிக் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தால் அவர் முன்னால் வருவதில்லை. அடுத்த அறையிலிருந்து, மகன் காதில் விழுகிற மாதிரி செருமுவார், பாத்திரத்தை உருட்டுவார். 'எப்ப வருவீங்க' என்று கேட்பதை மிளகும் நிறுத்திவிட்டாள். அதற்கும் மகனைத்தான் திட்டினார்.

போனை அணைத்துவிட்டு அவர் மிக்ஸியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். மனைவி ஒரு பையில் துண்டு, மாற்றுப் புடவை, இழுப்பு மருந்து என்று வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"கண்ணு தெரியலயா? பை எடுத்து வைக்கிறேன்."

"யாரு போறாங்க?"

"நான் போறேன். நீங்க மிக்ஸியோட குடும்பம் நடத்துங்க."

லிஃப்ட்காரர் தாம்தூம் என்று குதித்தார். "உனக்கு ரோஷமே கிடையாதா? கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டாங்க. பிறந்தநாளைக்கு நாம கிருமி. ஆபீஸ் திறந்த உடனே கிருமியெல்லாம் செத்துடுச்சா? யாரு காதுல பூ சுத்தறான் அவன்?"

"ரெண்டு ஊசியும் போட்டாச்சுங்க. அவங்க ரெண்டு பேரும் போட்டாச்சு. டாக்டரே போகலாம்னுட்டார். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"அவன் வரணும். இங்க வந்து, என் மூஞ்சியப் பாத்து, வாங்கன்னு கூப்பிடணும்."

மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கும் கோபம் வரும், ஆனால் குரல் உயராது. அதுதான் அவருக்குப் பயம்.

"மருமக எங்கிட்ட தனியா சொன்னா. நாம வரலைன்னா பக்கத்துத் தெருவுல குழந்தைங்களைப் பாத்துக்கற வீட்ல சேத்துடுவாங்க. பன்னெண்டு புள்ளைங்க வர்ற இடம். அங்க போக ஆரம்பிச்சுட்டா அப்புறம் என் நெஞ்சைக் காரணம் காட்டி நம்ம பக்கமே விடமாட்டான் உங்க புள்ள. நியாயமாத்தான் விடமாட்டான். இன்னொரு வருஷம் போயிடும். உங்க ரோஷத்துக்கு என் பேத்தியை எதுக்குங்க பணயம் வைக்கிறீங்க?"

இன்னொரு வருஷம். அது அவரை எங்கேயோ குத்தியது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. "மாட்டினவன் வந்து கழட்டட்டும்" என்றார். அதையே மகனுக்குச் செய்தியாகவும் அனுப்பினார்.

அந்த ஒரு வரியின் அர்த்தம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் வேலையில் கீழே குழிக்குள்ளோ, கூண்டுக்கு மேலேயோ ஆள் இறங்குவதற்கு முன்னால், மொட்டை மாடி மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கம்பி போட்டு மாட்டிவிட வேண்டும். 'ஆள் உள்ளே. சுவிட்சைப் போடாதே.' அட்டையில் மாட்டியவர் பெயர் இருக்கும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அதுவும் நேரில் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தரம் குரல் கொடுத்த பிறகு. மேனேஜர் சொன்னாலும், வீட்டுச் சொந்தக்காரர் சொன்னாலும், வேறு ஒருவர் கை அதில் படக்கூடாது. ஒரு தடவை சூப்பர்வைசர் ஒருவன், குடியிருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று கீழேயிருந்து போனில் சொல்லி வேறு ஒருவனை விட்டு அட்டையைக் கழற்ற வைத்தான். குழிக்குள் இருந்த கூட்டாளிக்கு ஒரு பாதம் போயிற்று. லிஃப்ட்காரர் அந்தச் சூப்பர்வைசரைக் கம்பெனி வாசலிலேயே அறைந்து, ஒரு மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் மகன் வளர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வந்தான். முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றான். பதினாலு மாதத்தில் காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்கு என்னவோ போல் ஆயிற்று. அதனால் இன்னும் சத்தமாக ஆரம்பித்தார்.

"வாடா. வழி ஞாபகம் இருந்துச்சா?"

"அப்பா, நான் சண்டை போட வரல."

"நான் போடறேன். நீ கேளு. பெத்தவங்கள தெருவுல நிக்க வெச்சு மருந்தடிச்சியேடா. கரப்பான் பூச்சியா நாங்க?"

மகனும் வெடித்தான்.

"உங்களுக்கு ரோஷம்பா. எனக்கு பயம். அம்மா நெஞ்சு சத்தம் போன்லயே கேக்கும் எனக்கு. எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன், ஒரே ஒரு தடவைன்னு அவங்க அப்பாவைப் பாக்கப் போனான். பன்னெண்டே நாள்ல அவர் போயிட்டார். அவன் இன்னும் மனுஷனா வேலைக்கு வரல. நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"வந்து சொல்லியிருக்கணும்! மெசேஜ் போடுவியா?"

"வந்து சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? கையப் புடிச்சு உள்ள இழுத்திருப்பீங்க."

அது உண்மை. வாதத்தில் தோற்றால் வழக்கமாகச் செய்வதைச் செய்தார் லிஃப்ட்காரர். மகனுடைய செருப்பு நடுவழியில் கிடக்கிறது என்று திட்டினார்.

மகன் செருப்பை ஓரமாகத் தள்ளினான். "சரிப்பா. நான்தான் மாட்டினேன். நான்தான் கழட்டறேன். வாங்க." அவன் குரல் தழைந்திருந்தது. "ஆனா மிளகு பழைய மாதிரி இல்ல. கொஞ்சம்... நீங்க வந்தா சரியாகும்னு நினைக்கிறோம். அதைப் பத்தி முன்னாடியே உங்ககிட்ட..."

"எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் லிஃப்ட்காரர். ஜெயித்த மனிதருக்குக் காது கேட்காது. மகன் மேற்கொண்டு சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கெல்லாம் போய்விட்டார்கள். காவலாளி சலாம் வைத்தான். லிஃப்ட்காரர் லிஃப்டுக்குள் ஏறி, வேண்டுமென்றே கட்டைவிரலால் மூன்றாம் எண்ணை அழுத்தி, அழுத்திய விரலை எடுக்காமலேயே நின்றார். "போதும், பட்டன் உள்ள போயிடப்போகுது" என்றாள் மனைவி. கயிறு லேசாக உரசுகிற சத்தம் கேட்டது. எண்ணெய் போடாத சோம்பேறிகள் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கதவை மருமகள் திறந்தாள். மருந்துக்கடைக்குக் கிளம்பத் தயாராக வெள்ளைக் கோட்டைக் கையில் வைத்திருந்தாள். "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றாள். கூடத்தின் அந்தக் கோடியில் மிளகு நின்றாள். ஒரு ஜாண் வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"ஏய் மிளகு!" லிஃப்ட்காரர் இரண்டு கையையும் விரித்தார்.

அவள் ஓடிவரவில்லை. இருந்த இடத்திலேயே வாயை இறுக்கி மூடினாள். கன்னம் இரண்டும் உப்பின. கண் விரிந்தது. அவர் விளையாட்டு என்று நினைத்துத் தானும் கன்னத்தை உப்பிக்காட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தார். குழந்தையின் முகம் சிவந்தது. சட்டென்று திரும்பி பால்கனிக்கு ஓடினாள், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள், அந்தப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று மூச்சு வாங்கினாள்.

லிஃப்ட்காரர் விரித்த கையோடு நின்றார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க குழந்தைய?" அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. "யாருடா அது மண்டைல இதை ஏத்தினது? ஒரு குழந்தைகிட்ட சொல்ற பேச்சா? அறிவிருக்கா உனக்கு? நாக்கை அறுக்கணும், இதைச் சொன்ன ஆளோட நாக்கை!"

மகன் ஒரு ஷூவை மாட்டியபடி உட்கார்ந்திருந்தான். மற்றது கையில் இருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"சொல்லுடா! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"மாமா" என்றாள் மருமகள். இத்தனை வருடத்தில் அவரிடம் குரலை உயர்த்தாத பெண். இப்போதும் உயர்த்தவில்லை, ஆனால் கோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். "ஒன்பது மாசமா இப்படித்தான். நான் வேலைலேருந்து வந்தா என் பக்கத்துல மூச்சை அடக்கும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அப்பா சொன்னாலும் நம்பல, நான் சொன்னாலும் நம்பல. தாத்தாவே சொல்லிட்டார்ங்குது. அதோட பிறந்தநாளைக்கு. நீங்கதான் மாமா."

லிஃப்ட்காரர் மகனைப் பார்த்தார். இத்தனை நாள் வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. நேற்று வாசலில் நின்றபோதே கொடுத்திருக்கலாம். அவன் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்த்தார். ஏதாவது சமாதானம் சொல்லுவாள் என்று பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவ்வளவு கோபம் இருந்தது அவரிடம். அதை வைக்க இப்போது ஓர் இடம் இல்லை. இஸ்திரிக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்து உடம்பு கூசியது. நாக்கை அறுக்கணும் என்று இப்போது சொன்னதும் இதே நாக்குதான்.

"நான் போய் சமாதானம் பண்றேன்பா" என்று மகன் எழுந்தான்.

"நீ உக்காரு" என்றார். "நீ பண்ணா செல்லாது."

கண்ணாடிக் கதவு வரை போனார். திறக்கவில்லை. முட்டி ஒத்துழைக்காவிட்டாலும் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பொம்மை லிஃப்ட் இருந்தது, நீல வண்ணம் வழிந்த கோடுகளோடு. இரண்டாம் மாடியில் ஒரு பொம்மை நின்றிருந்தது. மிளகு அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

"மிளகு. தாத்தா சொன்னேன்ல, நீ மூச்சு விட்டா செத்துப்போயிடுவேன்னு? அது பொய்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "டிவியிலயும் சொன்னாங்க."

"டிவியில சொன்னது வேற. அதுக்குத்தான் ஊசி போட்டுக்கிட்டோம், நானும் பாட்டியும். நான் சொன்னது பொய். கோபத்துல சொன்னேன்."

"எம்மேலயா?"

"உம்மேல இல்லடா. உங்கப்பா மேல."

மிளகு யோசித்தாள். "அப்ப ஏன் எங்கிட்ட சொன்னீங்க?"

லிஃப்ட்காரர் கண்ணாடியில் படிந்திருந்த தன் மூச்சின் வெள்ளைத் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார். அந்த வார்த்தையை மகன் கேட்க அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. "நான்தான் சொன்னேன், நான்தான் இப்ப வேணாங்கறேன். கதவைத் திற. என் மூஞ்சில ஊது. பாரு, நான் எங்கயும் போகமாட்டேன்."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மகனுக்கு ஆபீஸ் நேரம் தாண்டியது. அவன் கிளம்பவில்லை. மருமகளும் கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் கண்ணாடிக் கதவு நாலு விரல்கடை விலகியது. அந்த இடுக்கில் குழந்தையின் வாய் மட்டும் தெரிந்தது. பல் விழுந்த ஓட்டை வழியாக, தூசியை ஊதுவதுபோல மிகக் கொஞ்சமாக ஊதினாள். ஊதிய கையோடு கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அவர் கண் சிமிட்டவில்லை. சிமிட்டினால் பயந்துவிடுவாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "தாத்தா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கதவு மறுபடி விலகியது. இந்தத் தடவை கொஞ்சம் பலமாக ஊதினாள். உடனே சாத்தினாள். "இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

மூன்றாவது தடவை ஊதியபோது அவள் கதவைச் சாத்தவில்லை. இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே பார்த்தாள். பதினாலு மாதமாக இத்தனை கிட்டத்தில் பார்க்காத முகம்; பதில் சொல்ல மறந்து அவர் அதையே பார்த்தார். குழந்தையின் கன்னம் பயத்தில் மறுபடி உப்பத் தொடங்கியது.

"இருக்கேன்" என்று அவர் கத்தினார். எதிர்வீட்டுக் கதவு மறுபடியும் திறந்தது.